மஞ்சளுக்கு ஒரே மருந்தா?

தஞ்சையை எழுதப்புகுந்தவர்களில் பெரும்பாலோர் பச்சையில் தொடங்கிப் பச்சையிலேயே முடித்துவிடுகிறார்கள். ரயில் சன்னலிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது போதும். வயலில் இறங்கி நிற்கிறவருக்கோ பச்சையைவிட முக்கியமான நிறம் மஞ்சள். நட்ட பதினைந்தாம் நாள் பயிர் வெளுக்கத் தொடங்கினால் அவருக்கு உறக்கம் போய்விடுகிறது. அந்தக் கவலைக்கு டெல்டாவில் வழக்கமாகக் கிடைக்கும் விடை ஒன்றே ஒன்று: இன்னும் ஒரு மூட்டை யூரியா.

இது பனுவலை வாசிக்காமலேயே விமர்சனம் எழுதுவதைப் போன்றது என்பது நம் கருத்து. இலையின் மஞ்சள் ஒரு சொல் அல்ல. பல பொருள் தரும் சொல். அடி இலைகள் சீராக மஞ்சளித்து, மஞ்சள் மேல்நோக்கி ஏறினால் அது தழைச்சத்துப் பசி. யூரியா அதற்குத்தான் மருந்து. இளம் இலைகளில் நரம்புகள் பச்சையாக நிற்க இடைவெளி மட்டும் வெளிறினால் அது இரும்புச்சத்தின் குறை. நட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் இளம் இலையின் நடுநரம்பு அடிப்பக்கம் வெளுத்து, முதிர்ந்த இலைகளில் துருப்போலப் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, பயிர் திட்டுத்திட்டாகக் குன்றினால் பசி துத்தநாகத்துக்கு.

இக்கடைசிப் பசியை ஒரு காலத்தில் நோய் என்றே நினைத்தார்கள். இமயமலை அடிவாரத்துப் பந்த்நகரில் 'கைரா' என்று உழவர்கள் அழைத்த அதற்குக் கிருமி ஏதும் காரணமில்லை, துத்தநாகக் குறைவே காரணம் என்று 1966இல் கண்டு சொன்னவர் ஒய். எல். நேனே. அவர் பயிர்நோய் அறிஞர் என்பது கவனிக்கத்தக்கது. பிற்காலத்தில் ஆசிய வேளாண் வரலாற்று அறக்கட்டளையை நிறுவி, சுரபாலரின் 'விருட்சாயுர்வேத'த்தை ஆங்கிலத்தில் வெளிவரச் செய்தவரும் அவரே. பழஞ்சுவடியையும் இலையையும் ஒரே கவனத்தோடு வாசித்த மனிதர்.

மண்ணில் சத்து இருந்தும் பயிருக்குக் கிட்டாமல் போவது ஏன்? கார அமில நிலைதான் இதில் பெரும் காரணம். 7 என்பது நடுநிலை. அதற்கு மேல் ஒவ்வோர் எண்ணும் காரத்தின் பத்து மடங்கு ஏற்றம். காரம் ஏற ஏற இரும்பும் துத்தநாகமும் மண்ணோடு இறுகிக்கொள்கின்றன. நீர் கட்டிய வயலில் அமில மண்ணும் கார மண்ணும் நடுநிலையை நோக்கி நகரும் என்பது நெல்லுக்கு இயற்கை தந்த சலுகை. ஆனால் அதே நீர்த்தேக்கம் துத்தநாகத்தைக் கட்டிப்போடவும் செய்கிறது. மணிச்சத்தை அளவு மீறி இட்டால் கட்டு மேலும் இறுகும். மேட்டூர் அணை 2012 முதல் 2019 வரை ஜூன் 12 அன்று திறக்கப்படவே இல்லை. ஆறு வராத நாள்களில் கை கொடுப்பது ஆழ்துளைக் கிணறு. அந்நீர் காரமுள்ளதாயிருந்தால் மண்ணிலும் காரத்தைச் சேர்த்துவிட்டே போகும்.

தழைச்சத்துக்கு வாசிப்புக் கருவி ஒன்று உண்டு: இலை வண்ண அட்டை. வெள்ளைப் பொன்னிக்கு 3, பிற ரகங்களுக்கு 4 என்ற நிறத்துக்குக் கீழே இறங்கினால்தான் யூரியா இட வேண்டும். ஆனால் அட்டை, பசி தழைச்சத்துக்குத்தான் என்று எடுத்துக்கொண்டே பேசுகிறது. மற்ற பசிகளைச் சொல்லவேண்டியது மண் பரிசோதனை.

2015இல் வந்த மண்வள அட்டைத் திட்டம் கார அமில நிலை முதல் போரான் வரை பன்னிரண்டு அளவுகளைத் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆயினும் பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி என்பது அதன் கணக்கு. ஓர் ஏக்கர், ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் டெல்டா விவசாயி கையில் பெறுவது பல வேளைகளில் பக்கத்து வயலின் ஜாதகம். மறுபுறம் யூரியாவோ 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. 2010 ஏப்ரலில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு தளர்ந்தபோதும் யூரியா மட்டும் பழைய பிடியிலேயே இருந்தது. எது மலிவோ அதுவே மருந்தாகிவிடுவதில் வியப்பென்ன? உழவரை அறியாமைக்காகக் கடிந்துகொள்வது எளிது. அறியாமையை மலிவாக விற்பது யார் என்று கேட்பதே நியாயம்.

துத்தநாகப் பசிக்கு ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து நடவின்போது தூவினால் போதும். களர் மண்ணுக்கு ஜிப்சமும், வடிகாலும், தக்கைப்பூண்டும் உண்டு. கல்லாதவரைக் களருக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அக்களரிலும் விளையும் திருச்சி 1 போன்ற நெல் ரகங்களை நம் வேளாண் பல்கலைக்கழகம் தந்திருக்கிறது. மருந்துகளுக்குக் குறைவில்லை, குறைவது வாசிப்பு.

குறுவைக்கு நாற்று விடுமுன் வயல்தோறும் மண் பார்க்கப்பட்டு, முடிவு உழவருக்குப் புரியும் தமிழில் கைக்கு வர வேண்டும். யூரியாவுக்குக் கொடுக்கும் மானியத்தில் ஒரு சிறு பங்கையேனும் இதற்கு ஒதுக்கலாம். அதுவரை டெல்டாவின் பச்சையை வியந்து எழுதுகிறவர்கள், அது மண்ணின் பச்சையா மூட்டையின் பச்சையா என்று ஒருமுறை கேட்டுவிட்டு எழுதட்டும்.