செத்த மீனுக்கும் கணக்கு வேண்டும்

மாண்புமிகு மீன்வளத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

சென்னையில் வீட்டுக்குள் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களில் நானும் ஒருவன். ஆகவே மீன் வளர்ப்பதைத் தடை செய்யுங்கள் என்று கேட்க வரவில்லை. அழகுக்காகக் கடலில் உயிரோடு பிடிக்கும் மீன்களுக்கு, பிடித்த இடத்திலிருந்தே கணக்கு எழுதச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கொளத்தூர்ப் பக்கம் விற்கிற கப்பி, மோலி, தங்கமீன் எல்லாம் பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்கள் அப்படியல்ல. பலவற்றின் குஞ்சுகள் வாரக்கணக்கில் நீரோட்டத்தில் மிதந்து, கண்ணுக்குத் தெரியாத உயிர்களைத் தின்று வளர்பவை. அந்தப் பருவத்தைத் தொட்டியில் தாண்ட வைப்பது கடினம். அதனால் கடைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை பவளப்பாறைகளில் பிடித்தவைதான்.

பிடித்த பிறகு நடப்பதைச் சொல்கிறேன். பைக்குள் கழிவு சேரக் கூடாதென்று மீனை ஒன்றிரண்டு நாள் பட்டினி போடுவார்கள். பாலித்தீன் பையில் கொஞ்சம் தண்ணீர், மீதி ஆக்சிஜன்; அதைத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி அனுப்புவார்கள். வழியெல்லாம் மீன் வெளிவிடும் அம்மோனியா பைக்குள்ளேயே சேரும். மூச்சில் வரும் கரியமில வாயுவும் கூடவே சேர்ந்து தண்ணீரின் காரத்தன்மையைக் குறைக்கும். அம்மோனியாவின் நஞ்சு அடங்கிக் கிடப்பது அதனால்தான். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், காரத்தன்மை ஏறும், நஞ்சும் ஏறும். இது தெரியாமல், புதுத் தண்ணீருக்குப் பழக்குகிறேன் என்று திறந்த பையிலேயே வெகுநேரம் விட்டுவைக்கும் கடைகள் உண்டு. பயணம் முழுக்கத் தாக்குப்பிடித்த மீன் அங்கே சாகும். செத்தது குப்பைக்கு, பிழைத்தது பில்லுக்கு. குறைந்ததை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் பிடித்தால் போயிற்று!

பிழைத்து வீட்டுக்கு வந்தாலும் சிலவற்றுக்கு விமோசனம் இல்லை. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல வகை உயிருள்ள பவளத்தைத் தின்பவை. மற்ற மீன்களின் உடம்பில் ஒட்டுண்ணி பொறுக்கித் தின்னும் சின்ன மீனுக்கு வீட்டுத் தொட்டியில் அந்தச் சாப்பாடு எங்கே கிடைக்கும்? மெலிந்து மெலிந்து சாகும். இவற்றைப் பிடிப்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

சட்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986-லேயே தேசியப் பூங்கா ஆகிவிட்டன. பவளமும் கடல் குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. 2017-இல் மத்திய அரசு மீன் கடைகளுக்கென்று விதிகள் கொண்டுவந்து, கோமாளி மீன் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட வகைகளைக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்றது. எதிர்ப்பு வந்தது, பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டது. என்னைக் கேட்டால், அந்த விதி குறி தவறியது. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபம் ஊரிலேயே உருவாக்கி வைத்திருக்கிறது. பண்ணையில் பிறக்கக்கூடிய மீனையும், பாறையில் பிடித்தே தீர வேண்டிய மீனையும் ஒரே பட்டியலில் போட்டால் யாருக்கு லாபம்?

நீங்கள் செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. அழகு மீன் பிடிப்பவருக்கும் வாங்கும் வியாபாரிக்கும் உரிமம் கொடுங்கள். எங்கே, எந்த வலையில், எத்தனை பிடித்தார்கள், கரையில் எத்தனை செத்தன, கடையில் எத்தனை செத்தன என்று ஒரே பதிவேடு பெட்டியோடு பயணம் செய்யட்டும். தொட்டியில் வாழ முடியாத வகைகளைப் பிடிக்க உரிமமே கொடுக்க வேண்டாம். கோமாளி மீன் என்றால் பொரிப்பகச் சான்று இருந்தால் மட்டும் விற்கட்டும். அந்தக் குஞ்சுகளை வளர்த்துக் கொடுக்கும் வேலை கடலோர மகளிர் குழுக்களுக்குப் போகட்டும். மூழ்கிப் பிடிப்பவரின் பிழைப்பைப் பறித்துவிட்டு மீனைக் காப்பாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது. அதற்குள் பதிவேட்டின் மாதிரிப் படிவத்தையாவது வெளியிடுங்கள். அதை என் தொட்டியிலிருந்தே நிரப்பத் தொடங்குகிறேன்.

இப்படிக்கு,
கடல்மீன் வளர்க்கும் ஒருவன்,
சென்னை