களிம்புக்கு முன் காரணம்!



அத்திப்பட்டு ரயில் நிலையத்தில் இறங்கும் கொத்தனார்களின் கைகளைக் கவனித்ததுண்டா? விரலிடுக்கில் வெடிப்பு, மணிக்கட்டில் செதில், ஓயாத அரிப்பு. "என்னண்ணே இது?" என்று கேட்டால், "சிமெண்ட் சூடு தம்பி, களிம்பு போட்டா போயிடும்" என்பார்கள். போகிறது. வேலையில் இறங்கியதும் திரும்பி வருகிறது!

ஏன்? ஈர சிமெண்டின் காரம் யார் தோலையும் அரிக்கும். அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியமோ சிலருக்கு மட்டும் ஒவ்வாமை தரும். வந்துவிட்டால் லேசில் விடாது. இன்னொருவருக்கு ரப்பர் கையுறையின் ரசாயனம் ஒத்துக்கொள்ளாது. லேத்தில் நிற்பவருக்குக் கூலன்ட் எண்ணெய் பகையாகலாம். கண்ணுக்கு எல்லாமே ஒரே கரப்பான்தான்!

பிரித்தறிய வழி உண்டு. 1895-ல் யாடசோன் என்ற ஜெர்மன் மருத்துவர் அறிவித்த பேட்ச் டெஸ்ட். சந்தேகப்படும் ரசாயனங்களை முதுகில் தனித்தனியாக ஒட்டி, 2 நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். ஓரிரு நாளில் மறுபடியும் பார்ப்பார்கள். எந்த இடம் சிவந்து தடிக்கிறதோ, அதுவே அந்த ஆளின் எதிரி. குரோமியம் என்று தெரிந்தால், குரோம் உப்பில் பதனிட்ட தோல் கையுறைகூட அவருக்கு ஆகாது. பாதுகாப்புக்குக் கொடுத்ததே நோயை வளர்க்கும்! ஆளுக்கேற்ற மருத்துவம் என்பது இதுதான்.

புதிய மருந்துகளும் வந்துள்ளன. பரம்பரைத் தன்மையுள்ள கரப்பானுக்கு 2017-ல் அமெரிக்கா அனுமதித்த டுபிலுமாப் ஊசி, அழற்சியின் குறிப்பிட்ட பாதையை மட்டும் அடைக்கிறது. மகிழ்ச்சியே! ஆனால் தினமும் சிமெண்டில் கை வைப்பவருக்கு, காரணத்தை விலக்காமல் எந்த மருந்து நிலைக்கும்? இங்கே பலருக்கும் கிடைப்பது கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு. நாள்பட்டால் அது தோலையே மெலியவைக்கும். இவற்றில் பலவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது.

டென்மார்க் என்ன செய்தது? 1983-ல் சிமெண்டில் அந்தக் குரோமியம் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் கூடாது என்று சட்டம் போட்டது. ஃபெரஸ் சல்பேட் கலந்தால் அது எளிதில் தோலுக்குள் புகாத வடிவுக்கு மாறிவிடும். 2005-ல் ஐரோப்பிய ஒன்றியமும் இதைப் பின்பற்றியது. இது டாக்டர் செய்த வைத்தியமா? தொழிற்சாலையில் செய்த வைத்தியம்!

நாளைய சூப்பர்வைசர்களே! சைட்டில் கை கழுவத் தண்ணீர், ஆளுக்கேற்ற கையுறை, தோல் மருத்துவரைப் பார்க்கச் சம்பளம் பிடிக்காத ஒரு நாள் லீவு: இம்மூன்றும் நம் கையில் இருக்கும். நோயின் காரணத்தை நாடச் சொன்னார் வள்ளுவர். அது வைத்தியருக்கு மட்டும் சொன்னதல்ல, நமக்கும்தான்!