கதவை நீங்களே திறவுங்கள்



2004 சுனாமி நமது கல்முனைக்குடிக் கரையோரத்தில் வீட்டையும் தொழிலையும் ஒருசேரக் கொண்டுபோனது. தொழில் நொடிவது யாருக்கும் வரலாம், அது குற்றமல்ல. ஆனால், "வாப்பா வீட்டில் இல்லை என்று சொல்" எனப் பிள்ளையைக் கதவடிக்கு அனுப்புவது, கடனோடு பொய்யையும் பழக்குவதாகும்.

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் பழம் வாங்கி நட்டப்பட்ட ஒருவருக்குக் கடன் பெருகியது. அவருக்கு ஸதகா கொடுக்கும்படி மக்களிடம் சொன்னார்கள். அதுவும் போதாதபோது, கிடைத்ததோடு நிறுத்திக்கொள்ளுமாறு கடன் கொடுத்தோரிடம் கூறினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. நிலைமை வெளியில் தெரிந்ததால்தானே உதவியும் வந்தது?

ஆகவே, யாருக்கு எவ்வளவு என்று கொப்பியில் எழுதுங்கள். கடன் தந்தவரை நீங்களே தேடிப்போய்த் தவணை கேளுங்கள். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். நெருக்கடியில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கும்படி குர்ஆன் (2:280) சொல்கிறது.

வங்கிக் கடனென்றால், 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த கொடுகடன் தகவல் பணியகத்தில் அது பதிவாகும். 'கிரிப்' என்பது இதைத்தான். கணவரின் கடனுக்குப் பிணை நின்று கையொப்பமிட்டிருந்தால், அதுவும் உங்கள் பெயரில் இருக்கும். உங்கள் அறிக்கையை நீங்களே கேட்டுப் பெறலாம். கட்டி முடித்த கடன் பாக்கியாகக் காட்டினால், வங்கியின் கடிதத்தைக் காட்டித் திருத்தக் கேளுங்கள். பணம் தந்தால் பதிவை அழித்துத் தருவதாகச் சொல்பவரை நம்பாதீர்கள்.

பற்றுச்சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை கதவு தட்டினால் நீங்களே திறக்கலாம்.