நாய்க்குட்டியும் தஸ்தாவேஜும்

எங்கள் தெருவில் ஒற்றுமைக்குப் பெயர்போன இரண்டு சிநேகிதர்கள் உண்டு. ஒருவர் மளிகைக் கடை வைத்திருப்பவர். மற்றவர் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. மூன்று வருஷங்களுக்கு முன் இருவரும் ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு ஒரு லாப்ரடார் பெட்டைக் குட்டியை வாங்கினார்கள். கடைக்காரர் வீட்டில் விசாலமான கொல்லை இருந்தபடியால் நாய் அங்கே வளர்ந்தது. "நமக்குள் எழுத்து எதற்கு?" என்று இருவரும் சிரித்துக்கொண்டார்கள். இந்த ஒரு வாக்கியம் எத்தனை கோர்ட்டுகளுக்கு வேலை கொடுத்திருக்கிறது என்பதை நேயர்கள் அறிவார்கள்.

உரிய காலத்தில் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவரின் ஆண் நாயோடு அதைச் சேர்த்தார்கள். ரொக்கத்துக்குப் பதிலாக, ஈற்றில் தமக்குப் பிடித்த குட்டி ஒன்றை முதலில் பொறுக்கிக்கொள்ளும் பாத்தியதை அவருக்கு. தாயும் மஞ்சள் நிறம். ஆண் நாயும் மஞ்சள் நிறம். ஏறக்குறைய 63 நாட்கள் கழித்து ஏழு குட்டிகள் பிறந்தன. ஐந்து மஞ்சள், இரண்டு அட்டைக் கரி!

பெரியவர் வந்து பார்த்தார். "கறுப்பு இரண்டும் என் நாயின் குட்டிகள் அல்ல. மற்ற ஐந்துக்கு மட்டும் என்ன ருசு?" என்றார். கடைக்காரரின் முகம் சிவந்தது. கொல்லைக் கதவு சாத்தியிருந்ததா என்று குமாஸ்தா மெல்லக் கேட்டு வைத்தார். அன்றே சிநேகிதம் விரிசல் கண்டது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் போதிக்கும் குற்றத்துக்காக என்னை மத்தியஸ்தத்துக்கு இழுத்தார்கள்.

மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்துத் தாம் கண்ட விதிகளை மெண்டல் 1866-ல் வெளியிட்டார். அதே விதிகள் நாயின் நிறத்துக்கும் பொருந்தும். லாப்ரடாரில் கறுப்பு மேலோங்கும் குணம். மஞ்சள் அடங்கி நிற்கும் குணம். ஆகையால் கறுப்புப் பெற்றோருக்கு மஞ்சள் குட்டி பிறக்கலாம். மஞ்சள் பெற்றோருக்குக் கறுப்புக் குட்டி பிறக்காது. பெரியவர் சொன்னது நியாயமே. ஆனால், நிறம் ஒரு நாயைத் தகப்பன் அல்லவென்று விலக்குமேயன்றி, இதுவே தகப்பன் என்று நிலைநாட்டாது. ஊரில் வேறு மஞ்சள் நாய்கள் இல்லையா, என்ன?

"ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்மார் உண்டா, ஸார்?" என்றார் குமாஸ்தா. உண்டு. பெட்டை நாய் ஒரு பருவத்தில் பல கருமுட்டைகளை விடுகிறது. சில தினங்களுக்குள் இரண்டு நாய்களோடு கூடுமாயின், சில முட்டைகள் ஒன்றினாலும் சில மற்றொன்றினாலும் கருவாகும்.

லண்டனில் 1873-ல் கென்னல் கிளப் ஏற்பட்டது. அதன் பின் நெடுங்காலம் வம்சாவளிப் பதிவேடுகள் வளர்ப்போரின் வாக்கை நம்பியே நடந்தன. இன்று மரபணுப் பரிசோதனை வந்திருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினால் போதும். சோதிக்கும் ஒவ்வோர் இடத்திலும் குட்டிக்கு ஓர் அடையாளம் தாயிடமிருந்தும், மற்றொன்று தகப்பனிடமிருந்தும் வருகிறது. தாய் கொடுத்ததைக் கழித்தால் மிஞ்சுவது அந்த ஆண் நாயிடம் இருக்க வேண்டும். பல இடங்களில் இல்லாவிட்டால் அது தகப்பன் அன்று. ஆயுளில் பல ஈற்றுகளுக்குத் தகப்பனாகும் நாய்க்கு மரபணுச் சான்று வேண்டும் என்று அமெரிக்கக் கென்னல் கிளப் விதித்திருக்கிறது.

நாங்களும் அனுப்பினோம். ஐந்து மஞ்சள் குட்டிகளும் பெரியவரின் நாய்க்குப் பிறந்தவை. கறுப்பு இரண்டும் வேறு தகப்பனுக்குப் பிறந்தவை. கொல்லைக் கதவின் ரகசியம் வெளிப்பட்டது. பெரியவர் ஒரு குட்டியைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

வழக்கு தீர்ந்ததென்று நினைத்தேன், அப்போதுதான் ஆரம்பித்தது. "மூன்று வருஷம் சோறு போட்டு, பிரசவம் பார்த்தவன் நான், குட்டிகள் எனக்கே" என்றார் கடைக்காரர். குமாஸ்தா 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 163-வது பிரிவை எடுத்து வீசினார். ஒருவர் பாதுகாக்கும்படி விட்டுச்சென்ற பசு கன்று ஈன்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், கன்றையும் பசுவோடு திருப்பித் தரவேண்டும் என்பது அது. ஆனால் கடைக்காரர் வெறும் காவலர் அல்லவே. தாமும் பாதி உடையவர் அன்றோ? தாய் இருவருக்கும் பொது என்றால் குட்டிகளும் பொதுவே. ஆயினும் தீனிச் செலவும் வைத்தியச் செலவும் யார் கணக்கு? யார் பெயரில் பதிவு? கதவைத் திறந்து வைத்ததால் வந்த நஷ்டம் யாருடையது? இவற்றுக்கு எந்தப் பரிசோதனைச் சாலையும் விடை தராது.

நம் கிராமத்தார் ஆடு மாடுகளை வாரத்துக்கு விடுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும், வளர்த்தவருக்கு எது, உடையவருக்கு எது என்று முன்னதாகவே நாலு பேர் முன்னிலையில் பேசி முடித்துவிடுவார்கள். படித்த நாமோ, பேசுவது சிநேகிதத்துக்கு அவமானம் என்று நினைக்கிறோம். பேசாமல் விட்டதல்லவா பிற்பாடு சிநேகிதத்தைக் கொல்லுகிறது!

கடைசியில் என் வீட்டுத் திண்ணையில் ஒரு காகிதம் எழுதினோம்: செலவு போக மிச்சம் பாதிப் பாதி, இனிமேல் இருவர் சம்மதமும் இன்றி நாயைச் சேர்ப்பதில்லை. கையெழுத்து ஆயிற்று. ஆனால் முன்போல் மாலை வேளைகளில் அவ்விருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவதில்லை.

கறுப்புக் குட்டிகளுக்காக மட்டும் யாரும் வழக்காடவில்லை. ஒன்றை என் மாணவன் ஒருவன் கொண்டுபோனான். மற்றொன்று என் வீட்டில் வளர்கிறது. இரண்டு வீட்டுக் குழந்தைகளும் அதனோடு விளையாட இங்கேதான் வருகிறார்கள்.