முதலில் வேலை ஓட்டம், பிறகு மென்பொருள்: செயல்முறை மேலாண்மை குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

சிறு, குறு உற்பத்தி நிறுவனங்களின் சங்கம் என்ற முறையில், உறுப்பினர்கள் தொடர்ந்து கேட்டுவரும் ஒரு கேள்விக்கு எங்கள் பதிலை இங்கே பகிரங்கமாகச் சொல்கிறோம். வணிகச் செயல்முறை மேலாண்மை நம் அளவு நிறுவனங்களுக்குத் தேவையா, தேவையென்றால் எங்கே தொடங்குவது என்பதே கேள்வி. கண்டிப்பாகத் தேவை. ஆனால் மென்பொருள் வாங்குவதில் அதைத் தொடங்கக் கூடாது. ஓர் ஆர்டர் உள்ளே வந்து, சரக்காக வெளியே போய், பணமாகத் திரும்பும்வரை யார் மேசையில் எத்தனை நாள் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பதை அந்த வேலையைச் செய்பவர்களோடு உட்கார்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். வேண்டாத படிகளை வெட்டிய பிறகே மென்பொருள் விற்பனையாளரை உள்ளே அழைக்க வேண்டும். அப்படிச் சீர்செய்வதால் ஒரு தொழிலாளியும் வேலை இழக்கக் கூடாது.

இதற்கு ஆதாரமாக ஒரு பழைய அனுபவத்தைச் சொல்கிறோம். 1980-களின் தொடக்கத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் வட அமெரிக்கப் பிரிவில், சப்ளையர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் துறையில் மட்டும் 500-க்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். கணினிமயமாக்கினால் 20 சதவீதம் ஆட்களைக் குறைக்கலாம் என்று நிர்வாகம் கணக்குப் போட்டது. ஜப்பானின் மஸ்டாவிலோ அதே வேலையைச் செய்தவர்கள் 5 பேர். மஸ்டா சிறிய நிறுவனம்தான். அந்த வித்தியாசத்தைக் கழித்தாலும் ஃபோர்டில் ஆட்கள் பல மடங்கு அதிகம். காரணத்தைத் தேடியபோது, பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வந்து சேர்ந்த சீட்டு, சப்ளையரின் பில் ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்து 14 விவரங்களை ஒப்பிடுவது தெரிந்தது. ஒன்று பொருந்தாவிட்டாலும் பணம் நின்றது. குமாஸ்தாக்களின் நேரத்தில் பெரும்பகுதி பொருந்தாத காகிதங்களின் பின்னால் அலைவதிலேயே போனது.

ஃபோர்டு பில்லையே எடுத்துவிட்டது. ஆர்டர் கொடுக்கும்போதே அது கணினியில் ஏறும். சரக்கு வாசலுக்கு வந்ததும் ஆர்டரோடு பொருந்தினால் ஏற்பு, பொருந்தாவிட்டால் அங்கேயே திருப்பி அனுப்புதல். ஏற்றவுடன் பணத்துக்கான உத்தரவு தானாகப் பிறக்கும். ஒப்பிட வேண்டிய விவரங்கள் மூன்றாகச் சுருங்கின. அந்தத் துறையின் ஆள்தேவை 75 சதவீதம் குறைந்தது. மேலாண்மை அறிஞர் மைக்கேல் ஹேமர் 1990-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் இதை எழுதினார். பழைய முறையின் மேல் கணினியை ஏற்றினால் 20, முறையை மாற்றிய பின் கணினியைக் கொண்டுவந்தால் 75. எங்கள் நிலைப்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

நம் உறுப்பினர்களின் தீராத வேதனையான பணத் தாமதமும் இப்படிப் பொருந்தாத காகிதங்களில்தான் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது. தாமதமானால் வட்டி உண்டு. வருமான வரிச் சட்டத்தில் சேர்ந்த 43பி(எச்) பிரிவும் பணம் தாமதிப்பவர்களுக்கு வரிச் சுமையைக் கொண்டுவந்தது. இருந்தும் பணம் கேட்டுப் போனால் கிடைக்கும் பதில்கள் நமக்கு மனப்பாடம்: ஜி.ஆர்.என். (சரக்கு வரவுச் சீட்டு) போடவில்லை, ஆர்டர் எண் ஒத்துவரவில்லை, க்யூ.சி. (தரச் சோதனை) கையெழுத்து வரவில்லை. நம் வீட்டுக்குள்ளும் இதே நிலைதான். ஜாப் ஒர்க்குக்குப் போன பாகம் எந்த டி.சி.யில் (டெலிவரி சலானில்) போனது என்று தேடிக்கொண்டே நம்மைவிடச் சிறிய பட்டறைக்காரரைக் காக்கவைக்கிறோம். ஜி.எஸ்.டி. சட்டத்தில் பில் கட்டாயம் என்பதால் ஃபோர்டு செய்ததை அப்படியே செய்ய முடியாது. ஆனால் கேட்டிலேயே, சரக்கு இறங்கும்போதே ஒப்பிட்டு முடிப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

ஃபோர்டு கதையில் முறையை மாற்றிய பாதியை மட்டுமே நாங்கள் ஏற்கிறோம்; ஆட்குறைப்பை அல்ல. 1990-களில் இப்படிப்பட்ட செயல்முறை மறுசீரமைப்பு என்றாலே ஆட்குறைப்பு என்று தொழிலாளர்கள் அஞ்சும் நிலை வந்தது. மனிதர்களைப் பற்றிப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்று ஹேமரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அந்த அச்சம் இருக்கும் இடத்தில் ஸ்டோர்ஸில் இருப்பவர் உண்மையைச் சொல்லமாட்டார். ஐ.எஸ்.ஓ. கோப்பில் வரைந்து வைத்திருக்கும் படத்தைத்தான் காட்டுவார். ஆடிட் நாளில் மட்டும் அலமாரியிலிருந்து இறங்கும் அந்தப் படத்தை நம்பி லட்சக்கணக்கில் செலவழித்து ஈ.ஆர்.பி. மென்பொருள் போட்டால், யாரும் பின்பற்றாத ஒரு முறையே கணினிக்குள் போகும். மிச்சமாகும் நேரத்துக்கு வேறு வேலையும் அதற்கான பயிற்சியும் உண்டு என்று முதலாளி எழுத்தில் உறுதி தந்த பிறகே ஆய்வைத் தொடங்க வேண்டும்.

முறை முதலில், கணினி பிறகு என்பதை நம் மாநிலத்திலேயே பார்க்கலாம். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்து வாங்கலை ஒரே இடத்தில் கொண்டுவந்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். தனக்கு ஒதுக்கிய தொகைக்குள் மாவட்டக் கிடங்கில் தேவைப்படும் மருந்தை எடுத்துக்கொண்டு அதில் பதிய வேண்டும். கிடங்கு இருப்பைக் கவனிக்கக் கணினியும் இருந்தது. ஆனால் யார் கேட்பது, யார் கொடுப்பது, எதற்கு யார் பொறுப்பு என்ற முடிவுகள் கணினி எடுத்தவை அல்ல.

பொறுப்பு என்பதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம். பர்ச்சேஸுக்கு ஒருவர், ஸ்டோர்ஸுக்கு ஒருவர், அக்கவுண்ட்ஸுக்கு ஒருவர் என்று நம்மிடம் ஆள் உண்டு. சரக்கு வந்தது முதல் பணம் போனதுவரை முழு வழிக்கும் பதில் சொல்ல ஒருவர்கூட இல்லை. அவரை நியமித்து, துறைத் தலைவர்களைத் தாண்டிக் கேள்வி கேட்கும் அதிகாரத்தை முதலாளியே தர வேண்டும். இதைச் செய்யாத நிறுவனம் மென்பொருளுக்குச் செலவிட வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை.

உறுப்பினர்கள் எல்லா வேலைகளையும் ஒரே நேரத்தில் கையில் எடுக்க வேண்டாம். ஜாப் ஒர்க் பட்டறைகளுக்குப் பணம் போகும் வழியை மட்டும் இந்த நிதியாண்டில் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டில் நிற்பவர் முதல் செக் எழுதுபவர்வரை எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசுங்கள். பெரிய நிறுவனங்களிடம் 45 நாளில் பணம் கேட்கும் நாம், நம்மை நம்பியிருக்கும் பட்டறைகளுக்கு அதற்கு முன்பே கொடுத்துக் காட்டுவோம்.