குளத்து மீனும் களப்பு மீனவரும்

வட அமெரிக்காவின் மலை ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் கடலையே காணாது வாழ்ந்து மடியும் சால்மன் மீன்கள் உள்ளன. கடலில் வளர்ந்து ஆற்றில் முட்டையிடுவதே சால்மனின் பொதுவான இயல்பு. எனினும் நன்னீரிலேயே வாழப் பழகிவிட்ட இனங்களின் குஞ்சுகளை அங்குள்ள அரச நிறுவனங்கள் ஏரிகளில் இட்டு வருகின்றன. முட்டையிடத் தகுந்த ஓடைகள் இல்லாத ஏரியில் குஞ்சு விடுவது நின்றால் சில ஆண்டுகளில் மீனும் இல்லாமற் போகும்.

இந்த உண்மை இலங்கைக்கும், குறிப்பாகப் புத்தளம் மாவட்டத்துக்கும் பொருந்துவதாகும். ஆங்கிலேயர் நுவரெலியாவின் நீர்நிலைகளில் டிரௌட் மீனை விட்டது தமது பொழுதுபோக்குக்காகவே. ஆனால், வரண்ட வலயத்துக் குளங்களில் மீன் வளர்ப்பது ஏழைகளின் உணவுடன் தொடர்புடைய விடயமாகும். 1952 இல் இங்கு கொண்டுவரப்பட்ட திலாப்பியா, குளத்திலேயே தானாகப் பெருகியமையால் வேரூன்றியது. பின்னர் வந்த கெண்டை இனங்களோ தேங்கிய நீரில் இனம்பெருக்குவதில்லை. அவற்றின் குஞ்சுகளை ஆண்டுதோறும் வெளியிலிருந்து கொண்டுவந்து விடவேண்டியுள்ளது.

1990 இல் மத அடிப்படையிலான ஆட்சேபங்களைக் கருத்திற்கொண்ட அன்றைய அரசாங்கம், நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை விலக்கிக்கொண்டது. குஞ்சு உற்பத்தி முடங்கியது. கண்காணிப்பு அற்றுப்போனதால் சிறுகண் வலைகள் பெருகின. மீன் உற்பத்தி பெரிதும் வீழ்ச்சியடைந்தது. 1994 இல் ஆட்சி மாறிய பின்னரே அரச ஆதரவு மீண்டும் கிடைத்தது. 1998 ஆம் ஆண்டின் 53 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கெனத் தனி அதிகாரசபையும் உருவாகியது. ஆட்சியாளரின் ஒரு தீர்மானம் ஏழையின் உணவுத் தட்டுவரை சென்று தாக்கும் என்பதற்கு இதனைவிட வேறு சான்று தேவையில்லை.

அதே 1990 ஒக்டோபரில்தான் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். உடுத்த உடையுடன் வந்தவர்களில் பெரும்பாலானோருக்குப் புத்தளமே புகலிடம் அளித்தது. மன்னார்க் கரையில் வலைவீசிப் பிழைத்த குடும்பங்களும் அவர்களுள் அடங்கும். முன்னரே தமிழ், சிங்கள, முஸ்லிம் மீனவர்கள் தொழில் செய்துவந்த புத்தளம் களப்பின் மீது மேலும் பல கைகள் தங்கியிருக்க நேர்ந்தது. இறால் பண்ணைகளுக்காகக் கண்டற் காடுகளும் அழிக்கப்பட்டன. இடம்பெயர்ந்தவரையும் வரவேற்றவரையும் இதற்காகக் குறைகூறுவது நியாயமாகாது. இரு சாராருக்கும் போதிய வாழ்வாதாரத்தை வகுக்காத ஆட்சியாளர்களே பொறுப்புக்கூற வேண்டியவர்கள்.

மாவட்டத்தின் உட்பகுதியில் தப்போவ, இங்கினிமிட்டிய போன்ற நீர்த்தேக்கங்கள் உள்ளன. இவற்றில் மீன்வளத்தை முறையாகப் பெருக்கினால் உள்ளூர்ச் சந்தைக்கு மலிவான மீன் கிடைக்கும். களப்பின் மீதான சுமையும் ஓரளவு குறையும். ஆயினும் குளமும் களப்பும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல என்பதையும் மறக்கலாகாது. கலா ஓயாவும் மீ ஓயாவும் கொண்டுவரும் நன்னீரே களப்பின் உவர்ப்பைத் தணிக்கிறது. மழையற்ற மாதங்களில் களப்பின் உவர்ப்பு கடல்நீரையும் விஞ்சுவதுண்டு. மேலே நீரைத் தேக்கி வயலுக்குப் பாய்ச்சுவோரின் தீர்மானங்கள் கீழே இறாலையும் மீனையும் நம்பியிருப்போரைப் பாதிக்கின்றன. எனினும் நீர்ப்பாசனக் கூட்டங்களில் விவசாயியின் குரல் ஒலிக்கும் அளவுக்கு மீனவனின் குரல் ஒலிப்பதில்லை.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவானவை. குஞ்சு விடும் பணி, ஆட்சி மாற்றங்களாலும் தேர்தற் காலக் கணக்குகளாலும் தடைப்படாத நிலையான திட்டமாக வேண்டும். சிறுகண் வலைத் தடையை நடைமுறைப்படுத்தும் பொறுப்பில் குளத்து மீனவர் சங்கங்களுக்கும் பங்கு வழங்கப்படல் வேண்டும். நீரைத் திறப்பது பற்றிய ஆலோசனைகளில் களப்பு மீனவர்களின் பிரதிநிதிகளும் அமர வேண்டும். இடம்பெயர்ந்து வந்து இம்மண்ணிலேயே தங்கிவிட்ட குடும்பங்களுக்கு மீன்பிடி அனுமதியில் பாரபட்சம் காட்டப்படலாகாது.

குளத்தில் விடப்படும் மீன்குஞ்சுக்கு இனமுமில்லை, மதமுமில்லை. அதனைப் பிடித்து உண்போரிடையே வேற்றுமை காட்டாத கொள்கை ஒன்றையே புத்தளத்து மக்கள் எதிர்பார்க்கின்றனர். 1990 இல் இழைக்கப்பட்ட தவறு மீண்டும் நிகழாதிருக்க, சம்பந்தப்பட்டோர் இப்போதே சிந்திப்பார்களா?