தாத்தா எதனால் இறந்தார் என்று கேளுங்கள்

உங்கள் தாத்தாவின் அப்பா எதனால் இறந்தார்? ஈப்போ பக்கத்து மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "வயசாயிடுச்சு", "வயித்து நோவு", "மஞ்சள் காமாலை" என்பதற்கு மேல் பதில் வருவது அரிது. சுங்கை சிப்புட்டிலும் பத்து காஜாவிலும் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியபோது, லயங்களோடு குடும்பக் கதைகளும் கலைந்து போயின. வீட்டிலேயே இறந்தவர்களின் இறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் பல நேரம் "சாக்கிட் துவா", அதாவது முதுமை நோய் என்றுதான் இருக்கும். கணையப் புற்றுநோயைப் பற்றி எழுத உட்கார்ந்த எனக்கு இதுதான் முதலில் உறுத்தியது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. செரிமான நீரும் இன்சுலினும் சுரப்பது அதுதான். ஆழத்தில் இருப்பதால் அங்கே கட்டி வளர்ந்தாலும் கைக்குத் தட்டுப்படாது. அமெரிக்காவில்கூட இந்நோய் கண்டவர்களில் 100க்கு ஏறக்குறைய 13 பேர்தான் ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். நோய் தெரியவரும் சராசரி வயது 70. ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு.

"இளையோரைத் தாக்கும் கணையப் புற்றுநோய்" என்ற தலைப்புகளை நீங்கள் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். அவற்றை அப்படியே நம்பாதீர்கள் என்பேன். அமெரிக்காவில் இளம் பெண்களிடம் எண்ணிக்கை கூடியது உண்மை. ஆனால் அந்த வயதினரின் இறப்பு அதே அளவுக்குக் கூடவில்லை. கூடியவற்றில் பல, ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும் சிறிய நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகள். ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003இல் கண்டறியப்பட்டதும் அந்த வகைதான். வழக்கமான கணையப் புற்றைவிட மெதுவாக வளர்வது. அவர் 2011இல், 56 வயதில் இறந்தார். எண்ணிக்கை ஏறியது என்று யாராவது சொன்னால், இறப்பும் ஏறியதா என்று கேளுங்கள்.

அதற்காக இளையவர்களுக்கு இது வராது என்று சொல்லவில்லை. முப்பத்தைந்து வயதுக்காரர் வயிறு வலிக்கிறது என்றால் வீட்டில் எல்லாரும் "கேஸ்திரிக்" என்றுதான் சொல்வார்கள். மாதங்கள் ஓடிவிடும். இளம் உடல் அறுவை சிகிச்சையையும் கடுமையான மருந்துகளையும் முதியவரைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் நோய் பரவிய பிறகு வந்தால் அந்த வலுவுக்கும் பெரிய பயனில்லை. பி.ஆர்.சி.ஏ.2 போன்ற பரம்பரை மரபணு மாற்றங்களையும் இளையவர்களிடம் மருத்துவர்கள் கூடுதல் கவனத்தோடு தேடுகிறார்கள்.

நம் இனத்துக்கு நெருக்கமான சான்று ஒன்றும் உண்டு. வெப்பமண்டலக் கணைய அழற்சி என்ற நோயில், சிறு வயதிலேயே கணையத்தில் கற்கள் சேர்ந்து நீரிழிவு வரும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இது நிறையக் காணப்பட்டது. மரவள்ளிக் கிழங்கே காரணம் என்று நெடுநாள் நினைத்தார்கள்; ஜப்பானியர் காலத்தில் அதைத் தின்றே உயிர் பிழைத்த தோட்டத்து மக்கள் கேட்டிருந்தால் திடுக்கிட்டிருப்பார்கள். அந்தக் கருத்து இப்போது வலுவிழந்து, மரபணுக்களின் பக்கம் பார்வை திரும்பிவிட்டது. இந்த அழற்சி உள்ள 185 பேரைச் சென்னையில் பின்தொடர்ந்த ஆய்வு 1994இல் வெளியானது. அவர்களுக்குக் கணையப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 100 மடங்கு என்று அது காட்டியது. அதுவும் நடுவயதிலேயே.

இனி வீட்டுக்குள் பாருங்கள். கணையத்தின் தலைப்பகுதியில் வளரும் கட்டி பித்தநாளத்தை அழுத்தும். கண் மஞ்சளாகும், சிறுநீர் தேத்தண்ணி நிறமாகும், மலம் வெளுக்கும், உடம்பு அரிக்கும். வலியே இல்லாமலும் இது வரலாம். நம் வீடுகளில் உடனே கீழாநெல்லி அரைப்பார்கள். மஞ்சள் காமாலை பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது. ஆனாலும் எதனால் வந்தது என்று ஸ்கேன் பார்க்காமல் பச்சிலையோடு வாரங்களைக் கழிப்பது எனக்குச் சம்மதமில்லை.

ஐம்பதைத் தாண்டியவருக்குத் திடீரென்று நீரிழிவு வந்து, உடம்பும் இளைத்தால் அதையும் கவனிக்க வேண்டும். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 100க்கு 31 பேருக்கு நீரிழிவு. அதனால்தான் "எல்லாருக்கும் இருக்கிற சர்க்கரைதானே" என்று விட்டுவிடுகிறோம்.

தீபாவளிக்குப் புந்தோங்கிலோ செம்மோரிலோ உறவினர்கள் கூடும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். யாருக்கு என்ன நோய், எந்த வயதில், கண் மஞ்சளானதா, சிகரெட்டும் சம்சுவும் உண்டா என்று கேட்டு எழுதுங்கள். நெருங்கிய உறவில் இரண்டு பேருக்குக் கணையப் புற்று இருந்திருந்தால், அந்தப் பக்கத்தை அப்பா அம்மாவிடம் கொடுத்து மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பாட்டி முதலில் "அதெல்லாம் எதுக்குடா இப்போ?" என்பார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேளுங்கள்.